அடாரி 2600 பிளஸ்: நாலு பேய்க்கு ஒரே ஒரு பொம்மை

போன வருடம் எனக்கு நானே வாங்கிக்கொண்ட பிறந்தநாள் பரிசு இந்தப் பெட்டி, 1977-ல் வந்த அடாரி 2600 என்ற வீட்டு வீடியோ கேம் மெஷினின் புது அவதாரம். 2023 நவம்பரில் வெளிவந்தபோது விலை 130 டாலர். பார்த்ததும் என் மனைவி, "இதெல்லாம் ஃபோன்லயே சும்மா கிடைக்குமே, இதுக்கா இவ்வளவு காசு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். உள்ளே ஓடுவதும் ஸ்டெல்லா என்ற இலவச எமுலேட்டர்தான் (பழைய மெஷினைப் போலவே நடிக்கும் மென்பொருள்), அதற்கு அடியில் ஒரு மலிவான ராக்சிப் சில்லு. ஆனால் என்னிடம் ஒரு செருப்புப் பெட்டி நிறையப் பழைய அடாரி கார்ட்ரிட்ஜ்கள், அதாவது விளையாட்டு அடங்கிய செருகு பெட்டிகள், இருந்தன. கலிஃபோர்னியாவில் சன்னிவேல் பக்கம் பழம்பொருள் சந்தைகளில் இரண்டு மூன்று டாலருக்கு வாங்கிச் சேர்த்தவை, செருகிப் பார்க்க மெஷின் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தன. அவற்றைச் செருகி ஓட்டலாம் என்பதுதான் இந்தப் பெட்டியின் முழு நோக்கமே.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பழைய 2600-ன் அச்சு அசல், அளவு மட்டும் சுமார் எண்பது சதவீதம். முகப்பில் அந்த மரப்பலகை மாதிரி பட்டை அப்படியே இருக்கிறது. ஒரு ஜாய்ஸ்டிக், பத்து விளையாட்டு அடங்கிய ஒரு கார்ட்ரிட்ஜ், எச்டிஎம்ஐ கேபிள், யுஎஸ்பி-சி கேபிள், இவ்வளவுதான். சுவரில் செருகும் அடாப்டர் கிடையாது, ஃபோன் சார்ஜரை எடுத்துச் செருகிக்கொள்ள வேண்டியதுதான். திரையில் மெனு, அக்கவுண்ட், அப்டேட் கேட்டு நச்சரிப்பது, எதுவும் இல்லை. கார்ட்ரிட்ஜைச் செருகி சுவிட்சைத் தட்டினால் சில நொடியில் விளையாட்டு வந்துவிடும். அந்தச் சில நொடி ஏன் என்றால், பழைய மெஷின் போல இது கார்ட்ரிட்ஜை நேரடியாக ஓட்டுவதில்லை, அதில் இருப்பதை முழுசாகப் படித்துத் தன் நினைவகத்துக்குள் இழுத்துக்கொண்டு, பிறகு எமுலேட்டரிடம் கொடுக்கிறது. அதனால் செம்புக் காலில் அழுக்கு இருந்தால் கதை முடிந்தது. நான் சந்தையில் வாங்கியதில் பாதி முதல் நாள் ஓடவே இல்லை. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சைத் தொட்டுத் துடைத்ததும் ஒவ்வொன்றாக உயிர் வந்தது. பின்பக்கம் 4:3, 16:9 என்று ஒரு சுவிட்ச் இருக்கும், தயவுசெய்து 4:3-லேயே விடுங்கள், இல்லாவிட்டால் புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து தப்பி ஓடும் அந்த மஞ்சள் உருண்டை பேக்-மேன் சப்பாத்திக்கு உருட்டிய மாவு மாதிரி ஆகிவிடுவார்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். 2600-ல் எனக்குப் பிடித்தது அதற்கென்றே எழுதப்பட்ட விளையாட்டுகளைவிட, ஆர்கேடிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டவைதான். அதாவது அந்தக் காலத்தில் கடைகளில் ஆளுயர அலமாரிக்குள் இருந்த விளையாட்டை எடுத்து, வீட்டு டிவியில் ஓடுகிற ஒரு மெஷினுக்குள் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து திணித்தது. ஒரு காலத்தில் இவற்றைப் பார்த்து நான் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். நான் பேக்-மேனை முதலில் பார்த்தது தொண்ணூறுகளில், ஊரில் எல்லோரும் "டிவி கேம்" என்று சொன்ன அந்த ஜப்பான் மெஷினின் நகல் பெட்டியில். அதில் இருந்தது பேக்-மேனை உருவாக்கிய நாம்கோ நிறுவனம் 1984-ல் அந்த மெஷினுக்கு, அதாவது ஃபாமிகாமுக்கு, போட்ட பதிப்பு, கிட்டத்தட்ட ஆர்கேடு மாதிரியே இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அடாரி பேக்-மேன் யாரோ கேள்விப்பட்டதை வைத்து வரைந்த படம் போல இருந்தது. நீலப் பின்னணி, பழுப்புச் சுவர், சாப்பிடும் புள்ளிகள் புள்ளியாக இல்லாமல் கோடாக (கையேட்டில் அவற்றுக்கு வேஃபர் என்று பெயர்), மேலே போனாலும் கீழே போனாலும் பக்கவாட்டையே பார்த்துக்கொண்டு வாயைத் திறக்கும் பேக்-மேன், மின்னி மின்னி மறையும் பேய்கள்.

அப்புறம் ஒரு மழைக்காலத்தில், வேலை கொஞ்சம் குறைவாக இருந்தபோது, நானே இந்த மெஷினுக்கு எழுதிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். எனக்குத் தொழிலே சின்னச் சின்ன சில்லுகளுக்கு நிரல் எழுதுவதுதான், நினைவகம் குறைவு என்று சொன்னால் பயப்படுகிற ஆள் இல்லை. நாலு வாரக்கடைசிகள் போயின. அன்றோடு சிரிப்பு நின்றது.

2600-ல் மொத்த ராம், அதாவது ஓடும்போது எழுதி அழிக்கிற நினைவகம், 128 பைட். கிலோபைட் இல்லை, பைட். இந்தப் பத்தியின் முதல் மூன்று வாக்கியங்களை யூனிகோடில் சேமித்தாலே அதில் அடங்காது. விளையாட்டின் ஸ்டாக்கும் (நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்று குறித்து வைக்கும் இடம்) அந்த 128-க்குள்தான் இருந்தாக வேண்டும். ஆனால் உண்மையான வேதனை ராம் இல்லை, திரை. இந்த மெஷினில் படத்தைப் பிடித்து வைக்கும் நினைவகமே கிடையாது. அந்தக் காலக் குழாய் டிவியின் எலெக்ட்ரான் கதிர் மேலிருந்து கீழே ஒவ்வொரு வரியாக ஓடும்போது, அந்த வரியில் என்ன தெரிய வேண்டும் என்று படம் வரையும் டிஐஏ சில்லுக்கு நிரல் அந்தந்த நேரத்தில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவன் நிலைதான். இலை வரிசையாகக் கிடக்கிறது, சாப்பிடுகிறவர் நமக்காகக் காத்திருக்க மாட்டார், சாம்பார் வாளியோடு நீங்கள் வந்து சேர்வதற்குள் அவர் ரசத்துக்குப் போயிருப்பார். ஒரு வரிக்கு உங்களுக்குக் கிடைப்பது 76 கடிகாரத் துடிப்பு. ஒரு எண்ணை எடுத்து ஒரு ரெஜிஸ்டரில் (சில்லுக்குக் கட்டளை சொல்லும் குட்டி அறை) வைக்கக் குறைந்தது 5 துடிப்பு ஆகும். கணக்குப் போட்டால் ஒரு வரிக்கு 15 தடவை, அவ்வளவுதான். அதற்குள் சுவரையும் மாற்ற வேண்டும், ஆளையும் வரைய வேண்டும், இது எத்தனையாவது வரி என்று எண்ணவும் வேண்டும். இப்படி 262 வரி, நொடிக்கு 60 முறை. விளையாட்டின் மூளை, அதாவது யார் யாரை இடித்தார், எத்தனை மார்க்கு என்பதெல்லாம், திரையில் தெரியாத மேல் வரிகளிலும் கீழ் வரிகளிலும் கதிர் போய்வரும் இடைவெளியில்தான் நடக்க வேண்டும்.

இதைவிடக் கொடுமை, ஒரு பொம்மையை, அதாவது நகரும் உருவத்தை, திரையில் எங்கே நிறுத்துவது என்று எண்ணாகச் சொல்ல முடியாது. கதிர் அந்த இடத்தைக் கடக்கும் நொடியில் ஒரு ரெஜிஸ்டரைத் தொட வேண்டும், தொட்ட இடத்தில் அது நிற்கும். ஒரு துடிப்புக்குள் கதிர் மூன்று புள்ளி தாண்டிவிடும் என்பதால் மிச்சத்தை வேறு ஒரு ரெஜிஸ்டரால் நகர்த்திச் சரிசெய்துகொள்ள வேண்டும். என் முதல் நிரலில் படம் குதிகுதி என்று குதித்தது. காரணம் தேட ஒரு ஞாயிறு முழுக்கப் போயிற்று: வரி 263 வந்துகொண்டிருந்தது.

பொம்மை எத்தனை என்கிறீர்கள்? இரண்டு ஆள், இரண்டு குண்டு, ஒரு பந்து. 1977-ல் வெளிவந்த இந்த மெஷினை அடாரிக்காரர்கள் வடிவமைத்தபோது மனதில் இருந்தது பாங் என்ற பந்தாட்டமும் டாங்க் சண்டையும்தான், அதற்கு இது போதும். சில வருடங்களில் இதே மெஷினில் படையெடுப்பும் பேய்களும் வரப்போகின்றன என்று யாருக்குத் தெரியும்.

இனி கார்ட்ரிட்ஜ்கள். முதலில் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், வரிசையாக இறங்கி வரும் வேற்றுக்கிரகப் படையைச் சுடும் ஆட்டம், 1980, செய்தவர் ரிக் மாரர். ஆர்கேடு விளையாட்டு ஒன்றை முறையாக உரிமம் வாங்கி வீட்டுக் கன்சோலுக்குக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை. இதற்காகவே மெஷின் வாங்கியவர்கள் ஏராளம், முதல் வருடமே பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஜப்பானின் டைட்டோ நிறுவனம் செய்த 1978 ஆர்கேடு அசலில் வரிசைக்கு 11 பேர், 5 வரிசை, மொத்தம் 55. இங்கே 6 வரிசை, வரிசைக்கு 6 பேர், 36. மறைந்துகொள்ளும் அரண்கள் நாலுக்குப் பதில் மூன்று. சின்ன வயதில் இதைப் பார்த்திருந்தால் "ஏன் கஞ்சத்தனம்" என்று கேட்டிருப்பேன். என் நாலு வாரக்கடைசிகளில் நான் முயன்றதே இந்த வரிசையைத்தான், எட்டுப் பேரை நிறுத்திக் காட்டுகிறேன் என்று வீறாப்பாகத் தொடங்கினேன். ஒரு ஆள் பொம்மையை மூன்று நகலாகக் காட்டு என்று டிஐஏ-விடம் சொல்ல முடியும். இரண்டு ஆள், மூன்று நகல், ஆறு. ஏழாவது ஆளை நிறுத்தப் போனால் 76 துடிப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்த ஆறைப் பார்த்துவிட்டு மாரர் மேலே வரிசையை ஐந்திலிருந்து ஆறாக்கிக் கொஞ்சம் ஈடுகட்டியிருக்கிறாரே, அங்கேதான் மனிதரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அசலில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடியதற்குக் காரணம், வரைய வேண்டிய ஆட்கள் குறைந்ததால் சில்லுக்கு வேலை குறைந்தது. இங்கே அப்படித் தானாக நடக்க வழியில்லை, திரைக்கான நேரம் எப்போதும் ஒன்றுதான், அந்த வேகத்தை வேண்டுமென்றே எழுதி வைக்க வேண்டும். வைத்திருக்கிறார், கையில் ஆடும்போது அதே பதற்றம் வருகிறது. போதாததற்கு 112 வகை ஆட்டம், இரண்டு பேர் சேர்ந்தே ஆடும் வகை உட்பட. இன்றும் எங்கள் வீட்டில் அதிகம் செருகப்படுவது இதுதான்.

பேக்-மேன். டாட் ஃப்ரை தனியாளாக எழுதியது, 1982 மார்ச். எழுபது லட்சத்துக்கு மேல் விற்றது, 2600-ல் இதைவிட அதிகம் விற்றது எதுவும் இல்லை. அதனால்தான் சந்தையில் தக்காளி விலைக்குக் கிடைக்கிறது, என்னுடையது இரண்டு டாலர். ஆர்கேடு பலகையில் நிரலுக்கு மட்டும் 16 கேபி (கிலோபைட்), நிமிர்ந்து நிற்கும் திரை, பொம்மைகளுக்கென்று தனி வன்பொருள். இவருக்குக் கிடைத்தது 4 கேபியும் படுத்த திரையும் இரண்டே ஆள் பொம்மைகளும். பேக்-மேனுக்கு ஒன்று போனால் மிச்சம் ஒன்று, பேய்களோ நாலு. ஆகவே ஒரு பொம்மையை எடுத்து முதல் ஃபிரேமில் (நொடிக்கு 60 முறை வரையப்படும் படத்தில் ஒன்று) முதல் பேய், அடுத்ததில் இரண்டாவது பேய் என்று சுழற்சியில் விட்டார். ஒவ்வொரு பேயும் நொடிக்கு 15 முறைதான் தெரியும். என் மகள் பார்த்துவிட்டு, "அப்பா, பேய் ஏன் விட்டு விட்டுத் தெரியுது?" என்று கேட்டாள். "ஒரே ஆளு நாலு வேஷமும் கட்டறாம்மா, ஒண்ணக் கழட்டிட்டுத்தான் இன்னொண்ணு போடணும்" என்றேன். கூத்து பார்த்தவள் இல்லை, ஆனாலும் புரிந்துகொண்டாள். அதைப் படம் எடுத்து இங்கே போடலாம் என்று ஃபோனில் தட்டினால் ஒரு பேய்தான் விழுகிறது, எத்தனை முறை எடுத்தாலும்.

இரண்டு பேர் மாறி மாறி ஆடும் வசதியை இவர் விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆடாமல் உட்கார்ந்திருக்கும் ஆள் எந்தப் புள்ளியைத் தின்றார், எதை விட்டார் என்பதை அந்த 128 பைட்டுக்குள்தான் எங்கேயோ முடிந்து வைக்க வேண்டும். அந்த இடத்தை வேறு எதற்காவது கொடுத்திருந்தால் ஆட்டம் இன்னும் அழகாக வந்திருக்குமோ என்று ஒரு நிரலாளனாக எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. பிற்காலத்தில் பொழுதுபோக்குக்காக எழுதுகிறவர்கள் அதே 4 கேபிக்குள் ஆர்கேடுக்கு எவ்வளவோ நெருக்கமான பேக்-மேனைச் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு முப்பது வருட அனுபவக் குறிப்புகள் கையில் இருந்தன, கடைக்குப் போகும் தேதி யாரும் குறித்துக் கொடுக்கவில்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகும், ஆட்டமாக இது எனக்குப் பிடிக்கவில்லை என்பதை மறைக்கப் போவதில்லை. புள்ளியைத் தின்னும்போது வரும் அந்த டங் டங் சத்தம் பத்து நிமிடத்தில் தலைவலி.

அடுத்த வருடமே ஜெனரல் கம்ப்யூட்டர் என்ற நிறுவனத்தார் அடாரிக்குச் செய்து கொடுத்த மிஸ் பேக்-மேனைச் செருகிப் பாருங்கள், அதே மெஷினா என்று கேட்பீர்கள். 8 கேபி, நாலு விதமான பாதைகள், பேய்கள் ஒரே உயரத்தில் நெருங்கி வரும்போதுதான் மின்னுகின்றன, மற்றபடி உறுதியாக நிற்கின்றன. ஒரே வரியில் இல்லாத பேய்களுக்கு ஒரே ஃபிரேமில் பொம்மையை இடம் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம் என்பதுதான் சூட்சுமம். சூட்சுமம் சொன்னால் எளிது, எழுதிப் பார்த்தால் தெரியும். அந்த 8 கேபியே ஒரு தந்திரம். மெஷினுக்குக் கண்ணுக்குத் தெரிவது 4 கேபிதான், பாதிப் பாதியாக மாற்றிக் காட்டும் ஏற்பாட்டை அடாரி முதலில் கொண்டுவந்தது பிராட் ஸ்டூவர்ட் எழுதிய ஆஸ்டராய்ட்ஸில், 1981. அதுவும் என் பெட்டியில் இருக்கிறது. அசலில் மெல்லிய கோடுகளாக இருந்த பாறைகள் இங்கே வண்ண வண்ண உருண்டைகள். லட்டு சிதறிய மாதிரி இருக்கும், ஆனால் ஆட்டம் பழுதில்லை.

டாங்கி காங், கேரி கிட்சன் கலெக்கோ நிறுவனத்துக்காக 1982-ல் எழுதியது. நாலு கட்டத்தில் இரண்டுதான் இருக்கிறது, குரங்கு குரங்கு மாதிரி இல்லை. ஆனால் சரிவான பாலங்களை எப்படியோ சரிவாகவே கொண்டுவந்திருக்கிறார். கட்டை கட்டையாக மட்டுமே சுவர் வரையத் தெரிந்த மெஷினில் அது சாதாரணக் காரியம் இல்லை. டிஃபெண்டரில் ஒரு வேடிக்கை, நீங்கள் சுடும் நொடியில் உங்கள் கப்பலே காணாமல் போய்விடும். பொம்மை பற்றாக்குறைதான், வேறென்ன. எதிரிகள் நடுவே இதையே ஒளிந்துகொள்ளும் வித்தையாகப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டேன், சுட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

கூடவே வரும் பத்து-விளையாட்டு கார்ட்ரிட்ஜில் (எந்த ஆட்டம் என்பதைக் கார்ட்ரிட்ஜில் உள்ள குட்டிக் குட்டி சுவிட்சுகளைத் தள்ளித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், நகம் வளர்த்து வையுங்கள்) ஆர்கேடிலிருந்து வந்ததில் உருப்படியானது மிசைல் கமாண்ட். ராப் ஃபுலாப் எழுதியது. அசலில் மூன்று ஏவுதளம், உருட்டும் பந்து. இங்கே ஒரே ஏவுதளம், ஜாய்ஸ்டிக். இருந்தும் ஆறு நகரங்களைக் காப்பாற்றும் அந்தத் தவிப்பு சிதையாமல் இருக்கிறது, மூன்றை ஒன்றாக்கியதே நல்ல முடிவு என்பேன், ஜாய்ஸ்டிக்கோடு மூன்று பொத்தானுக்கு எங்கே போவது? லட்சக்கணக்கில் விற்ற இந்த ஆட்டத்துக்கு போனஸாகத் தனக்குக் கிடைத்தது ஒரு வான்கோழிக்கான இலவசக் கூப்பன் என்று ஃபுலாப் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நாளில் அவர் வெளியேறி இமேஜிக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார், அதற்கு முன்பே நாலு நிரலாளர்கள் போய் ஆக்டிவிஷன் தொடங்கியிருந்தார்கள். இதற்கெல்லாம் பிறகுதான் அடாரியில் விற்பனைக்கு ஏற்றாற்போல் பங்கு கொடுக்க ஆரம்பித்தார்கள், பேக்-மேனால் ஃப்ரைக்குக் கிடைத்தது பத்து லட்சம் டாலருக்கு மேல் என்பார்கள். அதுவரை அட்டையிலோ திரையிலோ எழுதியவர் பெயர் கிடையாது. மிசைல் கமாண்டில் 13-ஆம் வகை ஆட்டத்தைத் தேர்ந்தெடுத்து, ஒரு மார்க்கும் எடுக்காமல் எல்லா ஏவுகணையையும் வீணாக்கிப் பாருங்கள், நகரங்கள் அழிந்ததும் வலது ஓரத்தில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இரண்டு தெரியும். நான் சோதித்தேன், இந்தப் பெட்டியிலும் வருகிறது.

குறை என்று பார்த்தால் எனக்குப் பெரியது ஒன்றுதான், அதுவும் இந்தப் பெட்டியைவிட நம் டிவிகளின் குறை. நண்பர் ஒருவர் வீட்டில் அசல் 2600-ஐப் பழைய குழாய் டிவியில் மாட்டி வைத்திருக்கிறார், அதே பேக்-மேன் கார்ட்ரிட்ஜை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். அங்கேயும் பேய்கள் மின்னத்தான் செய்கின்றன, ஆனால் கண்ணாடிக்குள் கொஞ்சம் ஒளி மிச்சமிருந்து பேய் மங்கிப்போய்த் திரும்பி வருவது போல இருக்கும், பேய்க்கு அது பொருத்தமாகவும் இருக்கும். என் வீட்டு எல்இடி டிவியில் கத்தரித்த மாதிரி வெட்டி வெட்டி வருகிறது. ஃப்ரை எழுதியது குழாய் டிவிக்கு. அந்த மங்கலைச் செயற்கையாகச் சேர்க்கும் வசதி கணினியில் ஓடும் ஸ்டெல்லாவில் உண்டு, இங்கே மெனுவே இல்லாததால் அதைத் தேடிப் போய்த் தட்ட இடமில்லை. மெனு இல்லாததைப் புகழ்ந்தவன் நான்தான், தெரியும்.

ஜாய்ஸ்டிக் அசல் போலவே விறைப்பு, அரை மணி நேரத்தில் மணிக்கட்டு பேசும். இரண்டாவது ஜாய்ஸ்டிக்கைத் தனியாக வாங்க வேண்டும், வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் ஸ்பேஸ் இன்வேடர்ஸில் பாதி சுகம் போச்சு. பிரேக்அவுட் மாதிரி விளையாட்டுகளுக்குத் திருகும் பேடிலும் தனிச் செலவு.

கையில் பழைய கார்ட்ரிட்ஜ் இல்லாதவர்கள், பத்து-விளையாட்டுக்காக மட்டும் இதை வாங்க வேண்டாம், என் மனைவி சொன்னதுதான் சரி, ஃபோன் போதும். கார்ட்ரிட்ஜ் இருந்தால், அல்லது சந்தையில் கிளறி எடுக்கிற பொறுமை இருந்தால் தாராளமாக வாங்கலாம். நிரல் எழுதுகிறவராக இருந்தால் ஸ்பேஸ் இன்வேடர்ஸ், பேக்-மேன், மிஸ் பேக்-மேன் மூன்றையும் இதே வரிசையில் ஒரே சாயங்காலம் ஆடிப் பாருங்கள். இந்தப் பெட்டியின் ராம் 256 எம்பி, அதாவது பழைய மெஷினைப்போல இருபது லட்சம் மடங்கு. அது முழுக்க உட்கார்ந்து 128 பைட் நடிப்பை நடித்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

அலுவலகம் போகிற வழியில் சில நாள் போரேகாஸ் அவென்யூ பக்கமாக வண்டியைத் திருப்புவேன். அடாரியின் தலைமையகம் அந்தத் தெருவில்தான் இருந்தது. நான் கடக்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது, அலுவலகக் கட்டிடங்களும் கார் நிறுத்துமிடங்களும்தான். போன வாரம் மகள் உடன் வந்தாள், காட்டினேன். "இங்கதான் அந்த ஒரு பேய செஞ்சாங்களா?" என்றாள்.